சாய்த்தால் கிளம்புகிற பைக்

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொடிக்கால் உண்டு. விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் வெற்றிலைக் கட்டுகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கும்பகோணம் போக வேண்டும். வண்டி 2017-ல் வாங்கியது. 100 சிசி, சோக் உள்ளது, கிக்கர்தான். மார்கழி பிறந்துவிட்டால் இருபது உதைக்குக் குறைந்து கிளம்புவதில்லை. சோக்கைப் போட்டு, ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கித்தான் உதைக்கிறேன். ஆனால் வண்டியை ஸ்டாண்ட் பக்கமாக நன்றாகச் சாய்த்து, நிமிர்த்தி உதைத்தால் இரண்டாவது மூன்றாவது உதையில் கிளம்பிவிடுகிறது. சூடாகிவிட்டால் நாள் முழுக்க ஒரே உதைதான். பனியில் எஞ்சின் ஆயில் உறைந்துவிடுகிறது என்கிறார் அப்பா. மெக்கானிக் இரண்டு தடவை பிளக் மாற்றினார். நாலு நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. உண்மையான காரணம் என்ன? சாய்த்தால் மட்டும் ஏன் கிளம்புகிறது?

வாசகர், பாபநாசம்

பதில்: உங்கள் கடிதத்தில் கேள்வியோடு பதிலில் பாதியும் வந்துவிட்டது. வண்டியைச் சாய்த்து உதைக்கிற பழக்கம் நம் ஊரில் பலருக்கு உண்டு. ஸ்கூட்டர் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் மெக்கானிக்கிடம் போகும்போது அதை யாரும் சொல்வதில்லை. என்னவோ கைராசி சமாச்சாரம் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் மறக்காமல் எழுதியதோடு, ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. அந்த ஒரு தகவல்தான் உங்கள் வண்டியின் கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

அதற்கு முன் அப்பாவின் கருத்தைப் பார்த்துவிடலாம். ஆயில் உறைகிறது என்பது அவர் மட்டும் சொல்வதில்லை. டெல்டாவில் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சுதான். உங்கள் வண்டி போன்ற 100 சிசி வண்டிகளுக்கு வழக்கமாக ஊற்றும் ஆயில் 10டபிள்யூ-30. டப்பாவின் மேலேயே அச்சிட்டிருக்கும். இதில் ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் அந்த ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்லும் தர எண். 10டபிள்யூ என்று பெயர் வாங்க வேண்டுமானால், பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில் எஞ்சினைச் சுழற்றிவிடக்கூடிய அளவுக்கு அது இளக்கமாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் தை மாதத்து விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். உடம்புக்கு அது குளிர்; கம்பளி தேடுவோம். ஆயிலுக்கு அது குளிரே அல்ல. லே நகரத்தில் இரவெல்லாம் வெளியே நின்ற வண்டிக்கு ஆயிலைக் குறை சொல்லலாம். உறைபனி விழும் உதகையில்கூட அரை மனதோடு சொல்லலாம். குடமுருட்டிக் கரையில் சொல்ல முடியாது. 20 டிகிரியில் ஆயில் சற்றுக் கெட்டியாக இருப்பதும், முதல் உதையில் கிக்கர் கொஞ்சம் கனமாகத் தெரிவதும் உண்மை. அது காலுக்குத் தெரியும் வித்தியாசம், அவ்வளவுதான். வண்டி கிளம்பாமல் போக அது போதாது.

பனியைப் பழி சொல்வோரும் உண்டு: பனி இறங்கி பிளக் நனைந்துவிடுகிறது என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிளக்கின் உள்முனை எஞ்சினுக்குள் மூடிக் கிடக்கிறது. அங்கே பனி போகாது. ஆனால் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் மூடியும், அதற்குப் போகும் கனத்த ஒயரும் வெடித்துப் பழசாகியிருந்தால், பனி ஈரத்தில் மின்சாரம் வெடிப்பு வழியே எஞ்சின் உடம்புக்குத் தாவிவிடும்; பிளக்குக்குப் போய்ச் சேராது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. விடிவதற்கு முன் இருட்டில், விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் உதைக்க, இன்னொருவர் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒயர் மேல் நீலப் பொறி ஓடினால் மூடியையும் ஒயரையும் மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டியில் இது காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஒயர் கோளாறாக இருந்தால் வண்டியைச் சாய்த்ததும் சரியாகிவிடாது அல்லவா?

இப்போது உண்மையான காரணம். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. அதுவும் காற்றோடு சரியான அளவில் கலந்திருந்தால்தான். நூறு பங்குக் கலவையில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 பங்குக்குக் குறைவாக இருந்தால், எவ்வளவு நல்ல பொறி விழுந்தாலும் பற்றாது. ஏறக்குறைய 7.6 பங்கைத் தாண்டினாலும் பற்றாது. இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே கலவையைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் வண்டியைக் கிளப்புவது என்கிற வேலை.

பெட்ரோல் என்பது ஒரே பொருளும் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்த கலவை அது. சில 35 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கடைசியில் மிஞ்சும் கனமான பகுதி கொதிக்க 200 டிகிரி வரைகூட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்ளே வரும் பெட்ரோல் முழுக்கவே சுடுகின்ற உலோகத்தில் பட்டு ஆவியாகிவிடும். காலையில் உலோகமெல்லாம் 20 டிகிரி. அப்போது எளிதில் ஆவியாவது அந்த லேசான பகுதி மட்டும்தான். மீதி பெட்ரோல் குழாயின் உட்சுவரில் ஈரப்படலமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஓடுகிற எஞ்சினுக்குக் கார்புரேட்டர் கொடுப்பது ஏறத்தாழ ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்கிற கணக்கு. காலையில் அதே கணக்கில் கொடுத்தால், ஆவியாக மாறிப் பொறி வரை வந்து சேர்வது போதாது. கலவை ‘லீன்’ ஆகிவிடுகிறது, அதாவது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து போகிறது. எனவே குளிர்ந்த எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பல மடங்கு பெட்ரோலைக் கொடுத்தாக வேண்டும், அதில் ஆவியாகிற சிறு பகுதியே பற்றவைக்கப் போதுமானதாக இருக்கும்படி. சோக் என்ற பாகம் இருப்பது இதற்காகத்தான்.

சாய்க்கும் விஷயத்துக்கு இப்போது வருவோம். கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறிய கிண்ணம் இருக்கிறது. மெக்கானிக்குகள் ‘பவுல்’ என்பார்கள். டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் அதில் வந்து நிற்கும். உள்ளே ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் குறிப்பிட்ட மட்டத்துக்கு ஏறியதும், மிதவை ஓர் ஊசியைத் தள்ளி வரத்தை அடைத்துவிடும். வண்டியைச் சாய்க்கும்போது கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. மிதவை தன் நிலை தவறுகிறது. ஊசி திறந்து, வழக்கத்துக்கு மேல் பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. ஒரு பகுதி ஜெட் துளைகள் வழியே மேலேறி, காற்றுப் பாதையிலேயே சிந்திவிடுகிறது. நிமிர்த்தி உதைத்தால் அந்தச் சிந்திய பெட்ரோல் எஞ்சினுக்குள் இழுக்கப்படும். ஊசி கசடு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால், சாய்த்து ஆட்டுவதில் அதுவும் விடுபடலாம். எப்படியானாலும் விளைவு ஒன்றுதான்: சோக் கொடுத்திருக்க வேண்டிய கூடுதல் பெட்ரோலை நீங்கள் சாய்த்துக் கொடுக்கிறீர்கள்.

இந்த உத்தி புதிதல்ல. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுகளின் கார்புரேட்டரில், மிதவையைக் கையால் அமுக்குவதற்கென்றே ஒரு சிறிய பித்தான் இருந்தது. ‘டிக்ளர்’ என்று பெயர். அதை அமுக்கி, பெட்ரோல் கசியத் தொடங்கியதும் விட்டுவிட்டு உதைப்பார்கள். மைசூரிலிருந்து வந்த ஜாவா வண்டிகளிலும் அந்தப் பித்தான் உண்டு. அதே வேலையைத்தான் நீங்கள் பித்தான் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆக, கூடுதல் பெட்ரோல் கிடைத்தால் உங்கள் வண்டி கிளம்புகிறது. சோக் போட்டும் அது கிடைக்காததால்தான் கிளம்ப மறுக்கிறது. பொறி நன்றாக இருக்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது. பொறி இல்லாத வண்டியை எவ்வளவு சாய்த்தும் பயனில்லை. குளிர் இந்தக் கோளாறை உண்டாக்கவில்லை. நல்ல நிலையில் உள்ள எந்த 100 சிசி வண்டியும் 20 டிகிரியில் இரண்டு மூன்று உதைக்குள் கிளம்ப வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் குறை சித்திரையில் வெளியே தெரியாது, மார்கழியில் தெரிகிறது, அவ்வளவே.

அந்தக் குறை எங்கே இருக்கக்கூடும்? முதல் சந்தேகம், மன்னிக்க வேண்டும், உங்கள் வலது கையின் மேல்தான். ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கி உதைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய எல்லோரும் செய்வதுதான். உதைப்பதற்கு முன் நாலைந்து தடவை முறுக்கி விடுபவர்களும் உண்டு, உள்ளே பெட்ரோல் பீய்ச்சும் என்ற நம்பிக்கையில். இந்த வகை வண்டிகளின் கார்புரேட்டரில் அப்படிப் பீய்ச்சும் பம்ப் பெரும்பாலும் கிடையாது. எஞ்சின் சுழலாமல் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது.

முறுக்கிக்கொண்டே உதைப்பது அதைவிடக் கெடுதல். கார்புரேட்டர் பெட்ரோலைத் தள்ளுவதில்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடமே பெட்ரோலை மேலே இழுக்கிறது. காலால் உதைக்கும்போது எஞ்சின் மெதுவாகத்தான் சுழல்கிறது; உறிஞ்சுதலும் பலவீனம். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிக் காற்றுப் பாதையை அகலமாகத் திறந்துவிட்டால் இருக்கும் உறிஞ்சுதலும் போய்விடும். வெறும் காற்று உள்ளே போகும், பெட்ரோல் கிண்ணத்திலேயே நிற்கும். பல வண்டிகளில் சோக் என்பது, தனியாக ஒரு சிறு பாதையைத் திறந்து பெட்ரோலை உள்ளே விடும் தண்டு. ஆக்சிலேட்டர் முழுக்க மூடியிருந்தால்தான் அந்தப் பாதையில் இழுப்பு விழும். பழைய மாதிரிகளில் சோக் என்பது காற்று வாயை மூடும் ஒரு தகடு. அங்கே ஆக்சிலேட்டரை இம்மி அளவு திறக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். உங்கள் வண்டியில் எந்த வகை என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது, சோக் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பது. கைப்பிடியில் உள்ள நெம்புகோலைத் தள்ளினால் சோக் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கேபிள் துருப்பிடித்து நீண்டிருந்தால் நெம்புகோல் முழுக்க வரும், அந்த முனையில் தண்டு பாதிதான் நகரும். கார்புரேட்டர் பக்கம் குனிந்து, சோக்கைப் போடும்போது அங்கே என்ன நகர்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மாலையில் வண்டி சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது சோக்கை முழுக்கப் போட்டுப் பார்ப்பது இன்னொரு சோதனை. சோக் சரியாக இருந்தால் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் திணறும், அணையவும் செய்யலாம். எந்த மாற்றமும் இல்லையென்றால் சோக் பெயரளவுக்குத்தான் இருக்கிறது.

மூன்றாவது ‘ஸ்லோ ஜெட்’. எஞ்சின் கிளம்பும்போதும், ஆக்சிலேட்டர் இல்லாமல் மெதுவாக ஓடும்போதும் பெட்ரோல் கொடுக்கும் பித்தளைத் துண்டு இது. அதில் உள்ள துளை சுமார் 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர் வரைதான். பெட்ரோல் நாள்பட நின்று காய்ந்தால் பிசின் போன்ற கசடு விடும். அந்தக் கசடு முதலில் அடைப்பது இந்தத் துளையைத்தான். ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போகும்போதும் மடை தூர்ந்துபோனால் வயல் காய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் விடியற்காலையில் உங்கள் எஞ்சின் காய்வது அதே கதைதான். ஓட்டம் பிடித்த பிறகு பெட்ரோல் பெரிய ஜெட் வழியே வருகிறது. அதனால்தான் பகலெல்லாம் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆக்சிலேட்டரை விட்டதும், சிக்னலில் நிற்கும்போதும் வண்டி அணைந்து அணைந்து போகிறதா என்று கவனியுங்கள். போனால் ஸ்லோ ஜெட்டின் மேல் சந்தேகம் உறுதி.

ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது அரை மணி வேலை. ஆனால் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்த விடாதீர்கள். பித்தளை மெத்தென்றது; துளை ஒரு நூலளவு பெருத்தாலும் அந்த ஜெட் அதன் பிறகு சரியான அளவு கொடுக்காது. கார்புரேட்டர் சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதினால் போதும். கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திப் பழைய பெட்ரோலையும் அப்போதே வடித்துவிடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி வெளியே நின்றிருந்தால், டேங்க் மூடியைச் சுற்றி வடிகால் துளை அடைத்துக்கொண்டு மழைநீர் உள்ளே இறங்கியிருக்கலாம். பெட்ரோலைவிடக் கனமான தண்ணீர் நேரே கிண்ணத்தின் அடியில் போய்த் தங்கும். ஜெட் அந்த அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது.

மைலேஜ் டியூனிங் பற்றி இங்கே கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. “லிட்டருக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் வர்ற மாதிரி வெச்சுக் குடுங்கண்ணே” என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. மெக்கானிக்கும் கார்புரேட்டரின் சின்னத் திருகை மாற்றி, மெதுவோட்டக் கலவையில் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்துவிடுவார். குளிர்ந்த எஞ்சினுக்கு மிக அவசியமாகத் தேவைப்படும் பெட்ரோலைத்தான் இப்படிக் குறைக்கிறோம். மிச்சமாகும் பெட்ரோல் சொற்பம். காலையில் இருபது உதை உதைப்பதிலும், கிளம்பியதும் சோக்கோடு ஓட்டுவதிலும் அது செலவாகிவிடும். உங்கள் வண்டிக்கு அப்படிச் செய்திருந்தால், கம்பெனி சொன்ன அளவுக்கே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். எஞ்சினைச் சூடாக்கிய பிறகுதான் அதை வைக்க வேண்டும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலும் மாறியிருக்கிறது. 2023-ல் சில ஊர்களில் தொடங்கி, 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் என்பது கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கும் எரிசாராயம். அதன் இரண்டு குணங்கள் இங்கே முக்கியம். ஒரு கிலோ எத்தனால் எரிய சுமார் 9 கிலோ காற்று போதும், பெட்ரோலுக்கு 14.7 என்று பார்த்தோம். ஆகவே வெறும் பெட்ரோலுக்கு அளந்து வைத்த கார்புரேட்டரில் இந்தக் கலவையை ஊற்றினால் அது ஏழெட்டு சதவீதம் லீனாகிவிடும். தவிர, எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைப் போல் இரண்டரை மடங்கு வெப்பம் கேட்கும். குளிர்ந்த எஞ்சினில் அந்த வெப்பத்துக்கு எங்கே போவது? அதற்காக எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவதும் சரியல்ல. சோக்கும் ஜெட்டும் சரியாக உள்ள வண்டி இந்தப் பெட்ரோலிலும் நம் ஊர்க் காலையில் கிளம்பிவிடும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற வண்டியை அது இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. மைலேஜ் டியூனிங் செய்த வண்டிகள் அந்த விளிம்பில்தான் நிற்கின்றன.

பிளக் மாற்றியதும் நாலு நாள் நன்றாக இருந்தது ஏன் என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கும். புதுப் பிளக்கின் முனைகள் கூர்மையானவை. குறைந்த மின்னழுத்தத்திலேயே நல்ல பொறி தாவும். நல்ல பொறிக்குக் கொஞ்சம் லீனான கலவையும் பற்றும். முனை மழுங்கி, கரி படிந்ததும் பழைய நிலைதான். உங்கள் மெக்கானிக் செய்தது தவறில்லை; வேர் அங்கே இல்லை, அதுதான் விஷயம்.

சோக், ஜெட் எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் ‘டேப்பட்’ பார்க்கச் சொல்லுங்கள். வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி அது; ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். வால்வு தேயத் தேய இந்த இடைவெளி குறைந்து, கடைசியில் வால்வு முழுக்க மூடாத நிலை வரும். கம்ப்ரஷன், அதாவது கலவையை நசுக்கும் அழுத்தம், கசிந்துவிடும். நசுக்கும்போது உண்டாகும் சூடும் பெட்ரோலை ஆவியாக்க உதவுகிறது என்பதால், குளிர்ந்த எஞ்சினில் இந்தக் கசிவு உடனே உறைக்கும். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் நன்றாக எதிர்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் டேப்பட்டையோ பிஸ்டன் ரிங்கையோ பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. டேப்பட்டை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே அளக்க வேண்டும். காலையில் வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வருவது நல்லது.

இதே தொல்லை உள்ள மற்ற வாசகர்களுக்கு ஒரு சோதனை. பத்து உதைக்கும் கிளம்பவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். பெட்ரோல் பட்டு நனைந்திருந்தால் கதை நேர் எதிர். ஒன்று பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது. தை, மாசி அறுவடையில் சாலையெல்லாம் நெல்லும் வைக்கோல் தூசியுமாக இருக்கும் நாட்களில் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டு காற்று குறைவதும் இந்த இரண்டாவது வகைதான். அப்படி நனைந்துவிட்டால், பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து சில உதை உதைக்க வேண்டும். ஆக்சிலேட்டரை முறுக்கி உதைப்பது சரியாகிற ஒரே இடம் இதுதான். பொறி வருகிறதா என்று பார்ப்பவர்கள், கழற்றிய பிளக்கின் உடம்பை எஞ்சின் உலோகத்தில் தொட வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பொறியை உண்டாக்கும் மின்னணுப் பெட்டி பழுதாகலாம். பிளக் துளை வழியே பெட்ரோல் ஆவி வெளியே வரும் என்பதால், அந்தத் துளையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரும் இல்லை, சோக்கும் இல்லை. எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை ஓர் உணரி அளந்து சொல்ல, கணினி பெட்ரோல் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. அந்த வண்டிக்காரர்கள் சாவியைத் திருப்பியதும் கேட்கும் பம்ப் ஓசை நிற்கும் வரை ஓரிரு விநாடி பொறுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளப்பினால் போதும். சாய்ப்பதால் அங்கே எந்தப் பயனும் இல்லை.

நாளைக் காலை நீங்கள் செய்து பார்க்க வேண்டியது இது. இரவு பெட்ரோல் டேப்பை மூடியிருந்தால் முதலில் திறந்துவிட்டு, கட்டுகளை ஏற்றும் நேரம் வரை பொறுங்கள். பகல் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும், புதுப் பெட்ரோல் இறங்கட்டும். சோக்கை முழுக்கப் போடுங்கள். சாவியைத் திருப்பாமல் மூன்று நான்கு முறை மெதுவாக முழு உதை உதையுங்கள். பெட்ரோல் உள்ளே இழுபடும். பிறகு சாவியைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், வேகமாக ஒரே இழுப்பில் உதையுங்கள். கிளம்பியதும் அரை நிமிடத்தில் சோக்கைப் பாதியாக்கி, எஞ்சின் சீராக ஓடியதும் முழுக்க எடுத்துவிடுங்கள். சோக்கோடு கும்பகோணம் வரை போனால் பிளக் கரி பிடிக்கும். எரியாத பெட்ரோல் சுவர் வழியே இறங்கி ஆயிலையும் நீர்த்துப்போகச் செய்யும்.

இதிலேயே வண்டி கிளம்பிவிட்டால் மெக்கானிக்குக்கு வேலை இல்லை. கையின் பழக்கம்தான் காரணமாக இருந்திருக்கிறது. கிளம்பாவிட்டால், “குளிர்ல ஸ்டார்ட் ஆகல” என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். “சாய்ச்சா கிளம்புது, சூடானா ஒரே உதை; சோக்கையும் ஸ்லோ ஜெட்டையும் கழட்டிப் பாருங்க, பவுலை வடிச்சு விடுங்க, அப்புறம் டேப்பட் பாருங்க, மைலேஜுக்காகக் குறைக்க வேண்டாம்” என்று சொல்லுங்கள். அதுவரை சாய்த்தே கிளப்புவதானால் ஒரு எச்சரிக்கை: சாய்க்கும்போது கார்புரேட்டரின் வழிகுழாயில் பெட்ரோல் தரையில் ஒழுகும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி, சிம்னி விளக்கு எதுவும் இருக்கக் கூடாது.